தீப்பெட்டி ஆபீஸில் ஓடிய இங்கிலீஷ் படம்

இந்தத் தொடரை அச்சுக்கு எடுக்கிற தம்பியிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை இது. வரி நேராகப் போகாது. பேனாவை ஊன்றினால் தாள் கிழிகிறது. சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் எனக்கு இன்னும் தீர்மானம் இல்லை. தப்பாகப் பட்டால் நீங்களே திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரத் தாள்களில் அடித்தல் கூடுதலாக இருக்கும். எழுத வெட்கப்படுகிற விஷயத்தை எழுதுகிறேன், அதுதான் காரணம்.

கொட்டகை வாசலில்

"அவன் வாயத் தொறப்பானா, மாட்டானா? அதச் சொல்லுங்க முதல்ல."

கோமதி இப்படிக் கேட்டபோது நான் கொட்டகை வாசலில் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வெளியே மழை பெய்து விட்டிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் என் முதுகில் விழுந்தது. நான் நகரவில்லை.

தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாங்கள் வேலை பார்த்தது கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில் ஓர் ஓரமாக இருந்தது. நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மருந்து வைக்காத வெறுங்குச்சிகளை மரச் சட்டங்களில் அடுக்குவார்கள். குச்சி அடுக்கிய சட்டத்துக்குத்தான் கட்டை என்று பேர். கட்டை நிறைய நிறைய அதைத் தூக்கிக்கொண்டு போய், தள்ளி இருக்கிற மருந்து முக்கும் அறையில் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. எனக்கு அப்போது இருபதைத் தாண்டியிருக்கும்.

கோமதி வலது பக்க வரிசையில் உட்காருவாள். விளாத்திகுளம் போகிற வழியில் ஒரு கிராமத்திலிருந்து ஆபீஸ் வண்டியில் வருவாள். எனக்குத் தூரத்து முறையில் மாமன் மகள் ஆக வேண்டும். எனக்கு அவளைப் பிடிக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை கயத்தாறிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள், லாரி வைத்திருக்கிற வீடு, அநேகமாக அன்றைக்கே முடிந்துவிடும் என்று காலையில்தான் பேச்சு என் காதில் விழுந்தது.

ஆனால் கோமதி கேட்ட கேள்வி என்னைப் பற்றியது இல்லை. இங்கிலீஷ் படத்துக் கதாநாயகனைப் பற்றியது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

முதலாளி வீட்டு டேப்

அந்த இங்கிலீஷ் படம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாளியின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்திருந்தார். முதலாளி வீட்டில் அதைவிடப் பெரியது ஒன்று வாங்கியதும் பழையது எங்கள் கொட்டகைக்கு வந்தது. பாட்டு ஓடினால் கையும் ஓடும் என்று கணக்கப்பிள்ளை அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். மருந்து அறையிலிருந்து தூரமாக, கொட்டகையின் ஒரு மூலையில் பலகை அடித்து அதன் மேல் வைத்தார்கள்.

கேசட்டுப் போடுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பெண்கள் எழுந்து வந்து போட்டால் வேலை நிற்கும். நான் எப்படியும் கட்டை எடுக்க உள்ளே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறவன். இன்னொரு காரணமும் உண்டு. கொட்டகை இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. இடது வரிசை ஒரு நடிகர், வலது வரிசை இன்னொரு நடிகர். நான் எந்தக் கட்சி என்று யாருக்கும் தெரியாது. பேசினால்தானே தெரியும்.

ஒரு நடிகரின் பாட்டைப் போட்டால் எதிர் வரிசை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சோகப் பாட்டாக இருந்தால் யாராவது அழுவார்கள். ஒருநாள் பேச்சு முற்றி ஒரு வரிசை இன்னொரு வரிசை மேல் கை நிறையக் குச்சியை அள்ளி வீசிவிட்டது. கணக்கப்பிள்ளை அண்ணாச்சி வந்து நின்றார்.

"இனிமே பாட்டே கிடையாது. டேப்பத் தூக்கி முதலாளி வீட்டுலயே குடுத்திருதேன். அவிய அவிய வாயால படிச்சிக்கிடுங்க."

அவர் அந்தப் பக்கம் போனதும் நான் பலகையிடம் போனேன். சிங்கப்பூர் டேப் வந்தபோது அதற்குள்ளேயே ஒரு கேசட் இருந்தது. இங்கிலீஷ் எழுத்து. யாரும் சீந்தாமல் மூலையில் கிடந்தது. யாரிடமும் கேட்காமல் அதை எடுத்துப் போட்டேன். நானாக முடிவு செய்து அந்த ஆபீஸில் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

முதலில் தண்டவாளத்தில் காதை வைத்தால் கேட்குமே, அந்த மாதிரி ஓர் இரைச்சல். பிறகு மெஷின் அடிப்பது போல ஒரே சீராக ஒரு கொட்டு. எவர்சில்வர் தாம்பாளத்தில் கோலிக்குண்டு உருளுவது போல அதன் மேல் ஒரு சத்தம். அப்புறம் ஓர் ஆள் தூக்கத்திலிருந்து எழுந்து பேசுகிற மாதிரி பாட ஆரம்பித்தான்.

"இது என்னலே, மாவு மில்லுக்குள்ள நின்னு பாட்டுப் படிச்ச மாதிரி இருக்கு" என்றாள் சண்முகத்தாய் அக்கா. அவள்தான் கொட்டகையில் மூத்தவள். அவள் பேசினால் இரண்டு வரிசையும் சிரிக்கும். அன்றும் சிரித்தது.

சண்டை அதோடு நின்றுபோனது. அது யார் கட்சிப் பாட்டும் இல்லை. வார்த்தை புரியாததால் அழவும் ஏதுமில்லை. அந்தக் கொட்டு இருக்கிறதே, குச்சியை எடுத்துச் சட்டத்தில் வைக்கிற கைக்கு அது அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் கையைத் தூக்குவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். கணக்கப்பிள்ளை அண்ணாச்சி திரும்பி வந்தார், கட்டைகளைப் பார்த்தார், வந்த வழியே போனார். டேப் தப்பித்தது.

அட்டையில் இருந்த இரண்டு பேர்

இப்போது நாங்கள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் முழுப் படத்தையும் கதை வசனத்தோடு கேசட்டில் போட்டு விற்பார்கள். டீக்கடையில் அதைப் போட்டுவிட்டுப் படம் பார்த்த மாதிரி உட்கார்ந்திருப்போம். கேசட் என்றால் அது ஒரு படத்தினுடையது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த உலகம்.

இந்தக் கேசட்டின் அட்டையில் ஓர் ஆணும் பெண்ணும் நின்றார்கள். அவன் தலைமுடி சேவல் கொண்டை போல மேலே நின்றது. அவளுக்கு ஒரு பக்கம் முடி நீளமாக விழுந்து கண்ணை மறைத்தது. இருவரும் ஒரே குடைக்குள் நின்றுகொண்டு வேறு வேறு திசையைப் பார்த்தார்கள். உள்ளேயும் ஒரு பாட்டில் ஆண் குரல், ஒரு பாட்டில் பெண் குரல், ஒன்றில் இரண்டும். வேறு என்ன வேண்டும்? இது ஒரு படம். இவர்கள் இருவரும் ஜோடி. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

கோமதி எட்டாவது வரை படித்தவள். அதனால் கதை சொல்கிற பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

"ஏட்டி, அவன் என்ன சொல்லுதான்?" என்பாள் சண்முகத்தாய் அக்கா.

"அவ வீட்டுக்குப் போன் போடுதான். அவ எடுக்க மாட்டேங்கா" என்பாள் கோமதி, குச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எதுக்கு எடுக்க மாட்டேங்கா?"

"அடுத்த பாட்டுல சொல்லுவாக்கா. பொறுங்க."

அடுத்தது பெண் குரல், வேகமான பாட்டு. அவன் ஊரைவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டான், அதனால் கோபம் என்பாள். அதற்கடுத்ததில் ரயில் ஓடுகிற மாதிரி சத்தம் வரும். போயேவிட்டான். அதற்கடுத்தது மெதுவான பாட்டு. மழையில் நின்று அவளை நினைக்கிறான். இதோடு முதல் பக்கம் முடியும். அது இடைவேளை.

எனக்கு இந்தக் கதை துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். கட்டையைக் கொடுத்துவிட்டு நான் திரும்பி வருவதற்குள் ஒரு பாட்டு போயிருக்கும். அதற்காகவே வேகமாக நடந்தேன், பிறகு ஓடினேன். நல்ல சுறுசுறுப்பு என்று கணக்கப்பிள்ளை அண்ணாச்சி என்னைப் பாராட்டினார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோமதிக்கு இங்கிலீஷ் தெரியும், கேட்டதைத்தான் சொல்கிறாள் என்று நான் முழுக்க நம்பினேன். மற்ற பெண்களுக்கு அது அவள் கைச்சரக்கு என்று என்றைக்கோ தெரிந்திருக்கிறது. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு நாளும் அதே கேசட்தான். ஆனால் கதை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ஊருக்குப் போனவன் திரும்பி வந்தான். அவள் வேலை பார்க்கிற இடத்திலேயே அவனும் வேலைக்குச் சேர்ந்தான். தினமும் அவளைப் பார்க்கிறான், ஒன்றும் பேசுவதில்லை. அந்த வாரம் திங்கட்கிழமை கதைக்குள் புதிதாக ஒருத்தன் வந்தான்.

"லாரிக்காரன் ஒருத்தன் பொண்ணு கேட்டு வாரான்" என்றாள் கோமதி.

"இங்கிலீஷ் படத்துல லாரிக்காரன் எங்கன இருந்து வந்தான்?" என்றாள் சண்முகத்தாய் அக்கா.

"ஏன், அங்கன லாரி ஓடாதோ?"

கொட்டகையே சிரித்தது. எனக்கு மட்டும் கவலையாக இருந்தது. அந்தச் சேவல் கொண்டைக்காரனை நினைத்துத்தான் கவலை.

வண்டியில் அவரவர் இடம்

நடுவில் இப்போதைய கதை ஒன்று.

நான் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். போன மாதம் சென்னையில் வேலை பார்க்கிற என் மகள் ஊருக்கு வந்திருந்தாள். அன்று சண்முகத்தாய் அக்காவும் வீட்டுக்கு வந்திருந்தாள். அக்காவுக்கு இப்போது முழங்கால் மடங்காது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. மகள் ஏதோ வேலை செய்துகொண்டே போனில் பாட்டு ஓடவிட்டிருந்தாள்.

தண்டவாளத்து இரைச்சல். அப்புறம் கொட்டு.

அக்காவின் வலது கை மடியிலிருந்து எழுந்து, இல்லாத சட்டத்தில் இல்லாத குச்சியை வைத்தது. அவளுக்கே தெரியாமல் வைத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டு முடிந்து வேறொன்று ஆரம்பித்ததும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, இதுக்கு அடுத்தது இது இல்ல. அந்தப் பிள்ள ஏசுத பாட்டுல்லா வரணும்."

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் மெதுவாக விவரம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, இது படமே இல்ல. இந்த மாதிரி பாட்டுக்கு நியூ வேவ்னு பேரு. எண்பதுகள்ல வந்தது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு குரூப்பு. அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துகூட இருக்க மாட்டாங்க. யாரோ ஹிட்டான பாட்டா பொறுக்கி ஒரே கேசட்ல போட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

"அட்டையில நின்னவிய?" என்றாள் அக்கா.

"அவங்க சும்மா போட்டோவுக்கு நின்னவங்களா இருக்கும் பாட்டி."

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டாள். "அப்ப அந்த லாரிக்காரன் எங்க போனான்னு உங்க அப்பன்கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் டீ போடப் போவது போல எழுந்து போய்விட்டேன்.

மகள் இன்னொன்றும் சொன்னாள். இந்தப் பாட்டுகளை இன்றைக்கும் பொறுக்கிப் பொறுக்கித் தொகுப்பாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். அவள் ஆபீஸில் சின்ன வயசுக்காரர்களே கேட்கிறார்களாம். அவர்கள் பிறக்காத காலத்துப் பாட்டு. தனித்தனியாக எல்லாமே போனில் கிடைக்கும்போது தொகுப்பு எதற்கு என்று அவளுக்கே ஆச்சரியம்.

எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் ஆபீஸ் வண்டியை நினைத்துக்கொண்டேன். யார் ஜன்னலோரம், யார் பக்கத்தில் யார் என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒருத்தி இடம் மாறி உட்கார்ந்தால் ஊர் வந்து சேரும்வரை எல்லோருக்கும் என்னவோ போல இருக்கும். பாட்டும் அப்படித்தான். ஒன்றின் பக்கத்தில் ஒன்று ரொம்ப நாள் உட்கார்ந்துவிட்டால், முதல் பாட்டு முடிகிற அந்த மௌனத்திலேயே அடுத்த பாட்டு கேட்க ஆரம்பித்துவிடுகிறது. யாரோ முகம் தெரியாத ஆள், எங்கள் ஊர் இருப்பதே தெரியாத ஆள், வரிசைப்படுத்தி வைத்தது. அந்த வரிசைதான் எங்களுக்குக் கதை கொடுத்தது. பாட்டுகள் தனித்தனியாக வந்திருந்தால் கோமதி எதைச் சொல்லியிருப்பாள்?

அன்று சாயங்காலம் அக்கா ஒவ்வொரு மெட்டாக முனக, மகள் போனில் தேடித் தேடிப் பழைய வரிசையிலேயே அடுக்கிக் கொடுத்தாள். என் லோடு ஆட்டோவில் இப்போது அதுதான் ஓடுகிறது. எட்டயபுரம் விலக்கில் டீ குடிக்க நின்றால், என்ன அண்ணாச்சி இது என்று கேட்பார்கள். பழைய படப் பாட்டு என்று சொல்லிவிடுவேன்.

புதன்கிழமை

"அவன் வாயத் தொறப்பானா, மாட்டானா?"

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவார்கள்.

"தொறக்கட்டும், தொறக்காமப் போட்டும். நமக்கென்னட்டி" என்றாள் சண்முகத்தாய் அக்கா. அவள் குரலில் ஏதோ ஒரு குறும்பு இருந்தது.

"நமக்கென்னவா? வெள்ளிக்கிழம லாரிக்காரன் பூவோட வந்து நிப்பான். அவங்க அய்யா சரின்னு சொல்லிருவாரு. இவன் கம்பம் மாதிரி நின்னு பாத்துக்கிட்டிருப்பான். நல்ல படம்."

"அவளாச் சொல்ல வேண்டியதுதான?"

"அவ எத்தன நாளா சொல்லிக்கிட்டிருக்கா. அவனுக்குத்தான் விளங்கல."

இதைச் சொல்லும்போது கோமதி டேப் இருந்த மூலையைப் பார்க்கவில்லை. குச்சியையும் பார்க்கவில்லை. நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. திங்கட்கிழமையிலிருந்து, அதற்கும் முன்னாலிருந்து, ரயிலில் போனவன் திரும்பி வந்து அதே இடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நடந்தது எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. காது இரண்டும் சுட்டது. கையில் கட்டைகள் இருந்தன. கீழே போட்டால் குச்சி அத்தனையும் சிதறும். அந்தப் பயத்தில்தான் ஓடாமல் நின்றேன் என்று நினைக்கிறேன்.

கொட்டகையில் ஒரு கையும் அசையவில்லை. பாட்டு மட்டும் ஓடியது.

"அவன்," என்றேன். நான் அந்தக் கொட்டகைக்குள் பேசியதே அபூர்வம். எல்லோரும் திரும்பினார்கள்.

"அவன் அவங்கம்மாவக் கூட்டிட்டுப் பொண்ணு கேக்க வருவான்."

"யாருலே?" என்றாள் சண்முகத்தாய் அக்கா.

"படத்துல வாரவன்."

"எப்ப வருவான்?"

"நாளைக்கு. வியாழக்கிழம."

யாரோ சிரிக்கப் போனார்கள். அக்கா கையைக் காட்டி அடக்கினாள். கோமதி குனிந்து ஒரு குச்சியை எடுத்தாள். அதைச் சட்டத்தில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"வியாழக்கிழம வரட்டும்" என்றாள். "சாயங்காலமா வரச் சொல்லுங்க. அவங்க அய்யா காட்டுல இருந்து வர ஆறு மணி ஆயிரும்."

நான் கட்டைகளோடு மருந்து அறைக்குப் போனேன். போனேன் என்று நினைக்கிறேன். எப்படிப் போனேன் என்பது ஞாபகம் இல்லை.

வியாழக்கிழமை

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். மிளகாய் நெடியில் கண்ணில் தண்ணீர் வந்தது நல்லதாகப் போயிற்று. விஷயத்தைச் சொன்னேன். அம்மா கை நின்றது.

"ஏலே, நம்ம முறைப் பொண்ணுதானல. இத வாயத் தொறந்து சொல்ல உனக்கு இம்புட்டு நாளா? உனக்கு அந்தப் பக்கம் இஷ்டமில்லன்னுல்லா நான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

மறுநாள் விளாத்திகுளம் பஸ்ஸில் போய் இறங்கினோம். ரோட்டிலிருந்து ஊருக்குள் நடக்க வேண்டும். மழை பெய்த கரிசல். நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பு மண்ணோடு சேர்ந்து கனத்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். அம்மா பூவும் வெற்றிலையும் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். நான் கணுக்கால் வரை கறுப்பு மண்ணோடு கோமதி வீட்டு வாசலில் போய் நின்றேன். பெண் கேட்க வந்த மாதிரியே இல்லை, உழவுக்கு வந்த மாதிரி இருந்தது.

கோமதியின் அய்யா அப்போதுதான் காட்டு வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு குடம் தண்ணீரை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார். உள்ளே போய் உட்கார்ந்தோம். கோமதி கண்ணில் படவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது.

அம்மாதான் பேசினாள். பழைய உறவுகளைச் சொன்னாள். யார் யாருக்கு என்ன முறை என்று சொன்னாள். நான் குடிக்க மாட்டேன், பீடி கிடையாது, சம்பளத்தை அப்படியே கையில் கொடுத்துவிடுவேன் என்றாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் கயத்தாறுல இருந்து வாராவ. தெரியுமா?" என்றார்.

"தெரியும்ணே."

"அவியளுக்கு லாரி ஓடுது. மச்சு வீடு. உம் மகன் கட்டை தூக்குதான்."

அம்மா பதில் சொல்ல வாய் எடுத்தாள். அவர் கையைக் காட்டினார்.

"எல்லாம் நீயே பேசுத தாயி. கட்டப் போறவன் பேச மாட்டானா? வந்ததுல இருந்து கால் விரலையே பாத்துக்கிட்டிருக்கான்." என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, நீ எதுக்கு வந்திருக்க?"

கொட்டகையில் எனக்கு 'அவன்' இருந்தான். அவன் வருவான், அவன் கேட்பான் என்று சொல்லிவிட்டு அவனுக்குப் பின்னால் நின்றுகொள்ள முடிந்தது. இங்கே படம் கிடையாது. கொட்டு கிடையாது. அடுப்படியில் பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது. நான் இப்போது பேசாவிட்டால் நாளைக்கு இதே இடத்தில் வேறு ஒருத்தன் உட்காருவான் என்று எனக்குத் தெரிந்தது.

"எனக்குக் கோமதியக் கட்டிக் குடுங்க மாமா" என்றேன்.

"உங்கிட்ட லாரி இல்லையே."

"இல்ல மாமா."

"மச்சு வீடு?"

"அதும் இல்ல. ஓட்டு வீடுதான். மழைக்கு ஒரு இடத்துல ஒழுகும்."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி கோமதி. இவன் ஆபீஸ்லயும் இப்படித்தானா? வாயத் தொறந்து பேசுவானா, மாட்டானா?"

அப்புறம் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"நேத்து ஒரு நாள் பேசுனாவ அய்யா."

அவர் முகத்தில் என்னவோ அசைந்தது. சிரிப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நாளைக்கு வரவேண்டாம்னு கயத்தாறுக்கு ஆள் விட்டுச் சொல்லணுமே. இந்த மழையில யாரு போவா?" என்றார்.

"நான் போய்ச் சொல்லிட்டு வாரேன் மாமா" என்றேன். சைக்கிள் ஒன்று கொடுத்தால் அப்போதே கிளம்பியிருப்பேன்.

"நீயா? அங்க போய் என்ன சொல்லுவ?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. அடுப்படியில் கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. பிறகு பொத்தாமலேயே சிரித்தாள்.

இதை எழுதச் சொல்லி அவள் கேட்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. நான்தான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

ஒருவழியாக உட்கார்ந்து எழுதி முடித்தது, புரட்டாசி மாதம் கடைசிச் சனிக்கிழமை.